வெள்ளிக்கிழமை மலைப்படம்

குவைத்
6 மார்ச் 1981

சேசுவுக்குத் தோத்திரம்.

லோரன்ஸ் அண்ணனுக்கும் பெற்றீசியா அண்ணிக்கும் டோரீன் எழுதுவது. நான் சுகம். சுகம் என்றால் வேளாவேளைக்குச் சாப்பாடு, காய்ச்சல் தலைவலி இல்லை. அதற்கு மேல் நீங்கள் கேட்கவும் வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம். அண்ணனுடைய முதுகுவலி எப்படி? உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரோடும் சேர்ந்துகொண்டு என் மகள் ஜெசிந்தா அண்ணியைப் போட்டுப் படுத்துகிறாளா? முன்பல் ஆடுகிறது என்று எழுதியிருந்தீர்களே, விழுந்துவிட்டதா?

இங்கே ஒரு புது விசேசம். நான் வேலை செய்கிற வீட்டில் வெள்ளிக்கிழமை எனக்கு அரை நாள் லீவு. பூசை முடிந்ததும் தூத்துக்குடிக்காரர் லியனார்ட் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். அவர் டிரைவர், அவர் மனைவி பிலோமினா அக்கா நர்ஸ். அவர்கள் டெக் வாங்கியிருக்கிறார்கள். டெலிவிசனோடு மாட்டுகிற பெட்டி அது. கேசட்டை உள்ளே தள்ளினால் முழுப்படமும் வீட்டுக்குள்ளேயே ஓடும். பாயில் காலை நீட்டிக்கொண்டு பார்க்கலாம். லியனார்ட் அண்ணன் அதற்கும் சட்டம் வைத்திருக்கிறார். ஒரு வெள்ளி ரயில் வருகிற படம் மட்டும். ஒரு வெள்ளி இரட்டைப் பிள்ளைகள் பிரிந்து சேருகிற படம். ஒரு வெள்ளி சாமிப் படம். கண்டதைப் போட்டால் எல்லாரும் கண்டபடி அழுகிறார்களாம், வகை பிரித்துப் போட்டால் அளவோடு அழுவார்களாம்.

போன வாரம் என்னைப் பார்த்து எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். நோர்வூட் என்றேன். லண்டனா என்று கேட்டார். இலங்கை, தேயிலைத் தோட்டம் என்றதும் எனக்காக ஒரு மலைப்படம் தேடிப் போட்டார். நீலகிரிப் பக்கம் எடுத்ததாம். கதாநாயகி குதி உயர்ந்த செருப்பு போட்டுக்கொண்டு கொழுந்து எடுக்கிறாள் அண்ணே. முத்தல் இலையை முறித்துக் கூடையில் போடுகிறாள். நம் தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கையா பார்த்தால், காலையில் பேர் பதிகிற பெரட்டுக்களத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பார். நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். பிறகு மலையில் மூட்டம் இறங்கியது. அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. பிலோமினா அக்கா படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

ஊருக்கு வர இன்னும் இரண்டு வருசம் இருக்கிறது. நம் லயத்து வரிசையில் கடைசி அறையை, அந்தக் காம்பிராவை, எனக்கும் ஜெசிந்தாவுக்கும் பிடித்து வையுங்கள். அவளுக்கு என் முத்தம்.

டோரீன்

*

நோர்வூட்
29 மார்ச் 1981

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லாரும் தேவ கிருபையால் சுகம். என் முதுகும் என்னை விட்டுப் போகாமல் விசுவாசமாக இருக்கிறது. ஜெசிந்தாவின் பல் விழுந்து கூரையில் எறிந்தாகிவிட்டது. அவளுக்கு ஒரு சந்தேகம். அவ்வளவு பேர் கேசட்டுக்குள் எப்படி இருக்கிறார்கள், மூச்சு முட்டாதா என்று கேட்கிறாள். எனக்கும் ஒரு சந்தேகம். அந்தப் பெட்டிக்கு வெளிச்சம் முன்னால் இருந்து வருமா, தியேட்டர் மாதிரி பின்னால் இருந்து வருமா?

உன் கடிதத்தைப் படித்து அண்ணி சிரித்தாள். நோர்வூட்டை நீ ஊர் என்று எழுதியிருக்கிறாய். நம் லயத்தில் ஊர் என்றால் அக்கரைதான், இந்தியாதான். நம் அப்பா பிறந்தது இந்தக் காம்பிராவில், செத்தது இந்தக் காம்பிராவில். கடைசிவரை ஊருக்குப் போகணும் என்றுதான் சொன்னார். அந்த ஊரை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. தூத்துக்குடிக்காரர்களோடு பழகி உனக்கு ஊரே மாறிப்போய்விட்டது.

அந்தப் படத்தை மறுபடி போட்டால் எனக்காகச் சிலதைக் கவனித்து எழுது. அந்த மலையில் வீடுகள் எப்படி இருக்கின்றன? லயம் மாதிரி வரிசையா, தனித்தனியா? கூரை தகரமா, ஓடா? தண்ணீர்ப் பீலி கிட்டத்தில் இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன். தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய்விட்டது.

உடம்பைக் கவனித்துக்கொள். செபம் சொல்ல மறக்காதே.

உன் அண்ணன்
லோரன்ஸ்

*

குவைத்
8 மே 1981

தோத்திரம் அண்ணே.

எல்லாரும் சுகம்தானே? இங்கே வெயில் தொடங்கிவிட்டது. துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிறது. நம் லயத்தில் புகைக்கூண்டுக்குப் பக்கத்தில் நாள்கணக்கில் தொங்கப்போட்டும் ஈரம் போகாத சட்டைகளை நினைத்துக்கொள்கிறேன்.

வெளிச்சம் முன்னால் இருந்துதான் வருகிறது. லியனார்ட் அண்ணனிடம் கேட்டேன், பெட்டியைத் திருப்பியே காட்டிவிட்டார். ஜெசிந்தாவிடம் சொல்லுங்கள், கேசட்டுக்குள் இருப்பது கறுப்பு நாடா மட்டும்தான், யாருக்கும் மூச்சு முட்டாது.

உங்களுக்காக மலைப்படத்தைத் திரும்பப் போடச் சொன்னேன். வீடு வருகிற இடத்தில் எல்லாம் நிறுத்தச் சொன்னேன். கதாநாயகன் வில்லனை அடிக்கக் கையை ஓங்கியபடி அந்தரத்தில் நிற்கிறான், நான் அவனுக்குப் பின்னால் இருக்கிற கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் என்னைத் திட்டினார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். வீடுகள் தனித்தனி. செங்கல் சுவர், சிவப்பு ஓடு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பூச்செடி. ஒரு வீட்டு வாசலிலேயே தண்ணீர்க் குழாய் இருக்கிறது. போதுமா? இவ்வளவு விசாரணை எதற்கு, நீங்கள் படம் பிடிக்கப் போகிறீர்களா?

போன வெள்ளி மழைப்படம். மழை வருகிற பாட்டாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். பெரிய பெரிய ஆம்பிளைகள் எல்லாம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்த பிறகும் ஒருவரும் எழும்பவில்லை.

ஜெசிந்தா வருகிற மார்கழியில் புதுநன்மை எடுக்கிறாளா? முதல் நற்கருணை வெள்ளைச் சட்டைக்குத் துணி நான் இங்கிருந்து அனுப்புகிறேன், அங்கே வாங்காதீர்கள். அவளை அண்ணி பார்த்துக்கொள்கிற தைரியத்தில்தான் நான் இந்த மணலில் படுத்துத் தூங்குகிறேன். என் புருசன் றோலண்ட் போன நாளில் எனக்குப் போக்கிடம் தந்தது நீங்கள்தான். அதை நான் அடிக்கடி சொல்வதில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

டோரீன்

*

நோர்வூட்
26 யூலை 1981

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க மாதாவிடம் வேண்டுகிறோம். பதில் பிந்திவிட்டது. வேலை அதிகம், இரண்டு தரம் கண்டிக்கும் போய்வர வேண்டியிருந்தது.

ஜெசிந்தா வகுப்பில் முதலாவது. பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கினாள். பரிசு ஒரு குளிக்கிற சவர்க்காரக்கட்டி. அதைக் கரைக்க விடமாட்டேன் என்கிறாள், தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள்.

அந்தப் படத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும். சனங்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள்? கம்பளி தேவைப்படும் குளிரா? விறகுக்குக் காடு கிட்டத்தில் தெரிகிறதா? கோயில் ஏதும் தெரிகிறதா, நம் கோயிலைச் சொல்கிறேன். பள்ளிக்கூடம்? ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். படமாக இருந்தாலும் ஆழம் பார்க்கத்தானே வேண்டும்.

அண்ணி ஊருக்குப் போகிறதற்குத் துணி தைத்துக்கொண்டிருக்கிறாள். அதனால் தனியாக எழுதவில்லை, உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள்.

லோரன்ஸ்

*

குவைத்
21 ஓகஸ்ட் 1981

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் தோத்திரம். எனக்குச் சுகம், உங்கள் சுகத்துக்குத்தான் கடிதம் வரக் காணோம் என்று தவித்தேன்.

அண்ணி ஊருக்குப் போகத் துணி தைக்கிறார்களாமே. மாதா திருநாளுக்குப் பூண்டுலோயாவுக்குத்தானே? அவர்கள் அப்பா வீட்டுக்குப் போய் எவ்வளவு காலம். நல்லாப் போய்ட்டு வரட்டும். ஜெசிந்தாவையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், பஸ்ஸில் சத்தி எடுப்பாள், முகர்ந்து பார்க்கத் தேசிக்காய் ஒன்று கையில் இருக்கட்டும். பூண்டுலோயாக் கடையில் அந்தக் கறுப்புத் தொதல் இன்னும் விற்கிறார்களா? எனக்கும் ஒரு துண்டு மறைத்து வையுங்கள். நான் வரும்போது கல்லாகியிருந்தாலும் தின்பேன்.

உங்கள் விசாரணைக்குப் பதில். எல்லாரும் கம்பளிச் சட்டை போட்டிருக்கிறார்கள். கதாநாயகி மட்டும் போடவில்லை, அவளுக்கு அது தேவையில்லை போலிருக்கிறது. காடு பக்கத்திலேயே இருக்கிறது. தூரத்தில் ஒரு மேட்டில் கோபுரம் தெரிந்தது, சிலுவை இருந்த மாதிரித்தான் இருந்தது. பள்ளிக்கூடம் வந்தது, ஆனால் அதில் கதாநாயகன்தான் வாத்தியார், பாடம் நடத்தவே இல்லை. உண்மையாகச் சொன்னால் அது நல்ல இடம் அண்ணே. பார்த்தால் போய் இருக்கலாம் போலிருக்கிறது. குளிருக்கும் பச்சைக்கும் நம் நோர்வூட் மாதிரியேதான்.

லியனார்ட் அண்ணன் இப்போது என்னைக் கண்டதும் மலைப்படக் கேசட்டைக் கையில் எடுத்துவிடுகிறார். மற்றவர்கள் இனிமேல் வேண்டவே வேண்டாம் என்று கும்பிடுகிறார்கள்.

ஜெசிந்தாவுக்கு முத்தம். சவர்க்காரத்தைக் கரைக்கச் சொல்லுங்கள், நான் வேறு வாங்கித் தருகிறேன்.

டோரீன்

*

நோர்வூட்
20 செப்டெம்பர் 1981

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். இதை உட்கார்ந்து படி.

பூண்டுலோயாவுக்கு இல்லை. ஊருக்கு.

எங்கள் இந்தியப் பாஸ்போட் வந்துவிட்டது. இந்தியக் குடியுரிமைக்கு அப்பா எழுதிப்போட்ட விண்ணப்பம் அவர் செத்து இத்தனை வருசம் கழித்து வந்து நிற்கிறது. எனக்கும் அண்ணிக்கும் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும். தைக்குள் கப்பல் ஏற வேண்டும். அதற்குப் பிறகு ஸ்டோரில் வேலையும் இல்லை, காம்பிராவும் இல்லை. நீலகிரியில் தேயிலை வேலை தருவார்கள் என்று கண்டியில் சொன்னார்கள். அதனால்தான் உன்னை அவ்வளவு கேட்டேன். அங்கே போய்ப் பார்த்தவர் ஒருவரும் திரும்பி வந்து எனக்குச் சொல்லவில்லை. நீ ஒருத்திதான் படத்திலாவது பார்த்தாய். நீ எழுதியதை எல்லாம் அண்ணி ராத்திரிச் செபம் முடிந்ததும் பிள்ளைகளுக்குச் சொல்வாள். வாசலில் தண்ணீர்க் குழாய் என்று நீ எழுதியதை எத்தனை தரம் சொன்னாளோ தெரியாது.

இப்போது முக்கியமானது. நீ இலங்கைப் பிரஜையைக் கட்டினாய். நீயும் இலங்கை, ஜெசிந்தாவும் இலங்கை. எங்கள் பாஸ்போட்டில் அவள் பெயர் இல்லை. கேட்டுப் பார்த்தேன். அந்தப் பாஸ்போட் கந்தோரில் அழுதும் பார்த்தேன், அதை எழுத எனக்கு வெட்கம் இல்லை. முடியாது என்றுவிட்டார்கள். ஹட்டனில் சிஸ்டர்மாரின் போர்டிங்கில் அவளைச் சேர்க்க இடம் சொல்லி வைத்திருக்கிறேன். அல்லது நீ வரலாம். வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. நீயே யோசி.

அண்ணன்
லோரன்ஸ்

*

குவைத்
9 ஒக்டோபர் 1981

அண்ணே,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. எனக்கு உங்கள் மேல் கோபம். ஆறு மாதமாகக் கூரை ஓடா தகரமா என்று கேட்டீர்களே, ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா? ஊர் என்று நீங்கள் எழுதியதைப் பூண்டுலோயா என்று நினைத்து நான் தொதல் கேட்டிருக்கிறேன். லயத்தில் பிறந்தவளுக்கு ஊர் என்றால் என்னவென்று மறந்துபோனது. அந்தக் கோபம் என் மேல்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் எழுதியது சினிமா. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வீடுகள் அட்டையில் செய்ததா கல்லா என்று எனக்குத் தெரியாது. லியனார்ட் அண்ணனிடம் இன்று கேட்டேன். படத்துக்காக முன்பக்கச் சுவரை மட்டும் கட்டுவார்கள், பின்னால் கம்புதான் முட்டுக்கொடுத்திருக்கும் என்றார். தண்ணீர்க் குழாயில் தண்ணீர் வந்ததை நான் பார்க்கவில்லை. குழாயைத்தான் பார்த்தேன். சிலுவை என்றதும் நிச்சயமில்லை, மரக்கிளையாகவும் இருக்கலாம். சின்னச் சிரிப்புக்கு எழுதியதை நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டாதீர்கள். அண்ணியிடம் சொல்லுங்கள், கம்பளியும் சட்டிபானையும் இங்கிருந்தே கொண்டு போகட்டும். ஒன்றையும் விற்க வேண்டாம்.

நான் வருகிறேன். வேலை செய்கிற வீட்டு மேடத்தின் காலைப் பிடித்துவிட்டேன். பதிலுக்கு ஆள் வந்த பிறகுதான் என் பாஸ்போட்டைத் தருவாராம், அது மாசி மாதம்தானாம். நீங்கள் தையில் போகிறீர்கள். பத்து நாள் முன்னப்பின்ன இருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்திருப்பேன். அதற்குள் ஜெசிந்தா சிஸ்டர்மாரிடம் இருக்கட்டும். நான் நேரே அங்கே போய் அவளை எடுத்துக்கொள்கிறேன். அவள் ஒரு நாளும் தனியாகப் படுத்தவள் இல்லை, அண்ணியின் பழைய சேலை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

கோபம் என்று எழுதினேன். அது இந்தப் பக்கம் முடிவதற்குள்ளேயே போய்விட்டது.

டோரீன்

*

நோர்வூட்
3 சனவரி 1982

அன்புத் தங்கச்சிக்குப் புதுவருச ஆசீர்வாதம். நாங்கள் சுகம், நீ பயப்படாதே.

நீ அனுப்பிய வெள்ளைத் துணியில் அண்ணி சட்டை தைத்து ஜெசிந்தா புதுநன்மை எடுத்தாள். வளரும் பிள்ளை என்று கீழே மடித்துத் தைத்திருக்கிறாள், பிரித்துவிட்டால் இன்னும் இரண்டு வருசம் போடலாம்.

அட்டை வீட்டைப் பற்றி நீ எழுதியதை நான் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு சொன்னாள், “நெசமோ பொய்யோ, தங்கச்சி நமக்காக ஒரு தடவ பார்த்துச்சில்ல. அது போதும்.” சட்டிபானையைக் கட்டத் தொடங்கிவிட்டாள்.

ஜெசிந்தாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அம்மா படத்தில் பார்த்த அந்த மலைக்குத்தான் மாமா போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவள் திரும்பி வந்து கேட்டாள்.

“படத்துக்குள்ள போயிட்டு எப்ப மாமா வெளிய வருவீங்க?”

நான் அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டேன். உன்னிடம் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று யோசித்து வை.

பத்தாந் திகதி அவளைப் போர்டிங்கில் விடுகிறோம். அடுத்த கிழமை ஹட்டனில் ரயில். உன் டிரங்குப் பெட்டியைச் சிஸ்டர்மாரிடம் கொடுத்திருக்கிறேன். போய்ச் சேர்ந்ததும் அந்த விலாசத்துக்கு எழுதுவேன்.

உன் அண்ணன்
லோரன்ஸ்

*

கோத்தகிரி
18 ஏப்பிரல் 1982

அன்புள்ள டோரீனுக்கும் என் ஜெசிந்தாக்குட்டிக்கும்,

இங்கே எல்லாரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். நீ ஹட்டனுக்கு வந்து பிள்ளையோடு சேர்ந்துவிட்டாய் என்ற கடிதம் நாங்கள் கப்பல் இறங்கி முதலில் இருந்த மண்டபம் முகாமுக்குப் போய் அங்கிருந்து சுற்றி நேற்றுத்தான் வந்தது. அண்ணி அதைக் கையில் வைத்துக்கொண்டே சமைத்தாள். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

நீ படத்தில் பார்த்த வீடு எங்களுக்குக் கிடைக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, கூரை ஓடுதான். குழாய் வாசலில் இல்லை, பள்ளத்தில் இருக்கிறது. குளிர் நோர்வூட்டை விட அதிகம். கோயில் இரண்டு மைல். அண்ணி கொழுந்துக்குப் போகிறாள், நான் முள்ளு குத்துகிறேன், மண் கிளறுகிற வேலை. ஸ்டோர் வேலை இனிமேல்தான் கேட்க வேண்டும். அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்கிறார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் பெரட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

இப்போது நான் கேட்கிறேன், நீ எழுது. ஹட்டனில் மழை தொடங்கிவிட்டதா? நம் காம்பிராவில் யார் இருக்கிறார்கள்? எங்கள் பிள்ளைகள் பாய் விரித்ததும் ஜெசிந்தாவுக்கும் இடம் விட்டுத்தான் படுக்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுகளாகச் செய்கிறதுகள்.

லோரன்ஸ்

*

ஹட்டன்
23 மே 1982

சேசுவுக்குத் தோத்திரம்.

என் அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் நானும் ஜெசிந்தாவும் எழுதுவது. எங்களுக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. றோலண்ட் இருந்த பேக்கரியிலேயே பாண் சுற்றிக் கொடுக்கிற வேலை கிடைத்திருக்கிறது. பின்னால் ஒரு அறையும் தந்திருக்கிறார்கள். பாண் சுடுகிற போறணைச் சூட்டில் துணி ஒரே நாளில் காய்கிறது. மழை தொடங்கிவிட்டது, மூன்று நாளாக விடவில்லை. நம் காம்பிராவைப் போய்ப் பார்த்தேன். காளியாயி என்று ஒரு பெண், கைப்பிள்ளையோடு இருக்கிறாள். தேத்தண்ணீர் போட்டுத் தந்தாள். நல்லவள். அதற்கு மேல் அந்த வாசலில் என்னால் உட்கார முடியவில்லை.

இன்று ஞாயிறு. இங்கே தியேட்டருக்கு அந்த மலைப்படம் வந்திருக்கிறது, நான் குவைத்தில் பார்த்த அதே படம். சுவரில் ஒட்டியிருக்கிற விளம்பரத்தில் மலையைக் கண்டதிலிருந்து ஜெசிந்தா என் கையை விடவில்லை. பகல் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கொழுந்து எடுக்கிற பாட்டு வந்ததும் சீட்டில் ஏறி நின்றுவிட்டாள். “மாமா எங்கம்மா? அத்த எந்த நெரையில நிக்கிறாங்க?” என்று சத்தமாகக் கேட்டாள். அந்தப் படம் எடுத்த காலத்தில் மாமா நோர்வூட் ஸ்டோரில் நின்றார் என்று எப்படிச் சொல்வது? பின்னால் இருப்பவர்கள் ஏசப் போகிறார்கள் என்று அவளை இழுத்து உட்கார வைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

எங்களை ஒருவரும் பார்க்கவில்லை அண்ணே. எல்லாரும் சீட்டின் நுனிக்கு வந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு பெண் தன் புருசனிடம் சொல்கிறாள், “கடைசி நெரையில செகப்பு முக்காடு. எங்கக்கா நடதானே அது?” இன்னொருவர், பாட்டு முடியப் போகிறது, வேகமாகப் பாருங்கள் என்கிறார். கதாநாயகி முன்னால் நின்று ஆடுகிறாள். அவளை அந்தத் தியேட்டரில் ஒரு ஆள் பார்க்கவில்லை. எல்லாரும் அவளுக்குப் பின்னால் குனிந்து கொழுந்து எடுக்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் எல்லாரும் ஒன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

இடைவேளையில் அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். பெயர் நாகலெட்சுமி, பொகவந்தலாவையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். அக்காள் குடும்பம் கப்பல் ஏறி எட்டு வருசமாம், கடிதம் நின்று ஐந்து வருசமாம். எந்த மலைப்படம் வந்தாலும் வந்துவிடுவாளாம். இந்தப் படத்துக்கு இது நாலாவது தடவை. சரியாகப் பார்ப்பதற்குள் அந்தச் செகப்பு முக்காடு திரும்பிவிடுகிறதாம்.

நானும் அந்தப் படத்தை எத்தனை வெள்ளிக்கிழமை பார்த்தேன். கூரையைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன். ஒரு நாள்கூட அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணே, உங்கள் பக்கம் யாராவது படம் எடுக்க வந்தால், அன்றைய பேர் விழாமல் சம்பளம் போனாலும் பரவாயில்லை, அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் முன் நிரையில் நில்லுங்கள். குனிய வேண்டாம். முகத்தை நிமிர்த்தி இந்தப் பக்கம் பாருங்கள். எப்போது வந்தாலும் நாங்கள் பார்ப்போம்.

உங்கள் தங்கச்சி
டோரீன்